இருநூற்று இருபதாம் எண்ணுக்கு மாலை

பழவேற்காடு கடைத்தெருவில் அப்துல் லத்தீப் 1974 ஆகஸ்ட் 14, புதன்கிழமை காலை ஸ்டுடியோ திறந்தார். அந்தப் பக்கத்தில் முகத்தைப் படமாக்கித் தந்த முதல் கடை அது. அவரிடம் இருந்தவை ஒரு கேமரா, இரண்டு விளக்கு, மாடிப்படி வரைந்த ஒரு திரை, தன் கல்யாணத்துக்குத் தைத்த ஒரு கறுப்புக் கோட்டு.

கோட்டு லத்தீபின் ஒல்லி உடம்புக்குத் தைத்தது. தோணி தள்ளிய தோள்களில் ஏறவில்லை. முதுகுப் பக்கம் நெடுகக் கிழித்து, துணி காயப்போடும் கிளிப் இரண்டு மாட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் வக்கீல், பின்னால் வெறும் முதுகு, கேமராவுக்கு எட்டாத கீழ்ப்பகுதியில் லுங்கி. பதினாறு ஆண்டுகளில் அந்தக் கோட்டைப் போட்டவர்கள் 412 பேர். குப்பங்களின் சுவர்களைப் பார்க்கும் வெளியூர்க்காரர், இந்த ஏரியில் இறால் பிடித்ததெல்லாம் ஐகோர்ட்டு வக்கீல்கள் என்று நம்பிவிடுவார்.

வெயிலில் கறுத்த முகம் லத்தீபுக்கு ஆகாது. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து நிறத்தை ஏற்றுவார், ஒட்டிய கன்னத்தை நிரப்புவார், மூக்கை நேராக்குவார். எல்லோரும் அண்ணன் தம்பிகளாக வெளியே வந்தார்கள். யாரும் குறை சொன்னதில்லை. “நம்ம ஆளா இது!” என்று வீட்டார் வாயைப் பிளந்தால்தான் படம் நன்றாக வந்ததாக அர்த்தம்.

இப்போது அங்கே பாஸ்போர்ட் சைஸ் படமும் ஆதார் லேமினேஷனும்தான். ஆனாலும், “அம்பது வருஷத்துல ஒருத்தர் மொகம் இன்னொருத்தர் கைக்குப் போனதில்ல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். 2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை வரை அது செல்லுபடியானது.

அன்று ராஜவேலு கடைக்குள் வந்தார். வயது 68, மீனவர். போனை மேஜையில் வைத்தார்.

“இன்னா பாய், நான் எப்ப செத்தேன்?”

அது குப்பத்துப் பெண் ஜமுனா வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். தாத்தா திருவேங்கடத்துக்கு 38ஆம் ஆண்டு நினைவஞ்சலி. கோட்டு, மீசை, பொட்டு, மாலை.

“மீசை என்னுது இல்ல. எடது புருவத்தப் பாரு, செவுத்துல இத்தினி வருசம் தெரியல, போன்ல பெருசாக்குனா தெரியுது. தோணிக்கோலு பட்டுப் பொளந்தது. இந்த ஏரியில இப்பிடி ஒரு புருவம் வேற எவனுக்கு கீது?”

லத்தீப் பதிவேட்டைத் திறந்தார். திறக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் நினைவில் இருந்தது. 1983இல் இருவரும் ஒரே நாளில், ஒரே கோட்டில் உட்கார்ந்தார்கள். 1986இல் திருவேங்கடம் காய்ச்சலில் போனதும், அவர் மனைவி முனியம்மா பெரிய படம் கேட்டு வந்தாள். பதிவேட்டில் இப்படி இருந்தது: ‘எண் 219 திருவேங்கடம், நெகட்டிவ் பூஞ்சை பிடித்தது. பதிலாக எண் 220 ராஜவேலு தரப்பட்டது. தூரிகையால் மீசை சேர்க்கப்பட்டது.’ எத்தனையோ மூக்குகளைத் திருத்தியவர், அந்தப் புருவத்தை மட்டும் மறந்திருந்தார்.

“அதான் எம்பத்தாறுலேர்ந்து மூட்டு வலி! பல்லு போச்சு, மருமவ மதிக்கிறதில்ல. உசுரோட கீறவனுக்குக் கற்பூரம் காட்டுனா வெளங்குமா? இன்னிக்கே எறக்கணும். நீயே வந்து சொல்லு.”

“மால போட்ட மத்தவன்லாம் போய்ட்டான். நீ ஒருத்தன்தான் தாங்குறே” என்றார் லத்தீப். அது எடுபடவில்லை. இருவரும் ஷேர் ஆட்டோவில் ஏறிக் குப்பத்தில் முனியம்மா வீட்டுக்குப் போனார்கள்.

படத்தின் முன் இலையில் நண்டுக் குழம்பும் வடையும் படைத்திருந்தது. லத்தீப் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார்.

“தெரியும் பாய்” என்றாள் முனியம்மா. “மாட்டுன அன்னிக்கே தெரியும். நான் இன்னா திட்டுனாலும் எதுத்துப் பேசாம கேட்டுனு இருந்துச்சு. அவரு ஏது அப்பிடி?”

“அப்ப ஏன் மாட்டுனே?” என்றார் லத்தீப்.

“படம் நல்லா வந்திருந்துச்சு. கோட்டு அவரு போட்டதுதானே?”

“எறக்கு அண்ணி” என்றார் ராஜவேலு.

“வேணும்னா மாலைய எடுத்துக்கோ. படத்த எறக்க மாட்டேன். முப்பத்தெட்டு வருஷமா எல்லாத்தையும் அதுகிட்டதான் சொல்லினு கீறேன்.”

ராஜவேலு ஸ்டூலில் ஏறினார். மாலையைக் கழற்றினார், பொட்டைத் துடைத்தார், சட்டத்தில் கண்ணாடி இல்லாததால் ஈரத் துணியால் மீசையையும் அழித்தார். இறங்கி நின்று, செத்துப் பிழைத்தவர்போல மூச்சு விட்டார்.

மீன் கூடையோடு வாசலில் போன குப்பம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தாள்.

“இன்னாடி முனியம்மா, ராஜவேலு போட்டோவ ஊட்ல மாட்டி வெச்சிருக்க? மாப்பிள்ள கணக்கா கீறாரு! தேவிக்குத் தெரியுமா?”

தேவி ராஜவேலுவின் மனைவி. நாலு வீடு தள்ளித்தான் வீடு.

ராஜவேலு மறுபடி ஸ்டூலில் ஏறினார். இந்த முறை மூட்டு வலி தெரியவில்லை. மாலையை மாட்டி, பொட்டை அழுத்தி வைத்தார். அடுப்புக் கரியைத் தொட்டு மீசையையும் தாமே இழுத்தார்.

“நல்லாப் பாரு குப்பம்மா. திருவேங்கடம் அண்ணன். போய் முப்பத்தெட்டு வருஷம் ஆவுது.”

“நண்டு ஆறுது, குந்து” என்றாள் முனியம்மா. தமக்குப் படைத்ததை ராஜவேலு தாமே உட்கார்ந்து சாப்பிட்டார், இரண்டாம் முறையும் குழம்பு கேட்டார்.

கடைக்குத் திரும்பிய லத்தீப் பதிவேட்டில் தேதியிட்டு எழுதினார்: ‘எண் 219, திருத்தம் தேவையில்லை. எண் 220, தம் சம்மதத்தின் பேரில் காலமானார்.’