ஆத்திரம் தீர

எங்கள் வீட்டில் ஆத்திரம் என்ற சொல்லுக்கு வேலை ஜாஸ்தி. பஸ்ஸைப் பிடிக்க விழுந்தடித்து ஓடினால் அது ஆத்திரம். பீரோவில் அம்மா எடுத்து வைத்திருக்கும் மருந்துப் பை ஆத்திர அவசரத்துக்கு. சாவு வீட்டில் ஆத்திரம் தீர அழுவார்கள். அப்பா ஆத்திரம் தீர அடிப்பார். அழுகைக்கும் அடிக்கும் ஒரே சொல்தானா என்று நான் கேட்டதில்லை. இரண்டையும் ஒரே அறையில் பார்த்து வளர்ந்தவன் நான்.

அப்பா போன பிறகு அம்மா கடலூரில் அண்ணனோடு இருந்தாள். எனக்குச் சிதம்பரத்தில் வேலை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிருந்தேன். அண்ணன் பண்ருட்டியிலிருந்து முழுப் பலாப்பழம் கொண்டுவந்திருந்தான். பழம் அறுப்பது எப்போதும் என் வேலை. சமையலறையில் பேப்பரை விரித்து, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். பழத்தைப் பிளந்ததும் சுளை போட அம்மா கிண்ணத்தை நீட்டினாள். அவள் மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன.

"வழுக்கி வுழுந்துட்டேன்டா," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

விழுந்தால் விரல் பதியுமா? வாசற்படியில் நின்ற அண்ணனைப் பார்த்தேன்.

"மாத்திரைய துப்பிட்டாங்கடா. ஆத்திரத்துல புடிச்சி இழுத்துட்டேன். வேணும்னா செஞ்சேன்?"

அப்பாவும் ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்வார். ஆத்திரம் என்பது யாரோ வெளியூர் ஆள், வந்து அடித்துவிட்டுப் போய்விட்டான் என்பதுபோல.

பாய்ந்து அண்ணனைச் சுவரோடு தள்ளினேன். இடது கை அவன் கழுத்தில், வலது கையில் கத்தி. அவன் பின்மண்டை இரண்டு முறை சுவரில் மோதியது. இரண்டாவது சத்தம் எனக்கு இனித்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதிப் பயனில்லை. கத்தி அவன் கன்னத்தைக் கிழித்தது. ரத்தம் காலரில் இறங்கியது.

"கத்திய கீழ போடுடா! போடுடா!"

அம்மா கத்தினாள். நான் போடவில்லை. அந்த நீலம் பாய்ந்த கையாலேயே அவள் என் கையைப் பிடித்துத் தொங்கிய பிறகுதான் அண்ணனை விட்டேன். அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கத்தி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"போடணும்னுதாம்மா பாத்தேன். பலாப்பிசின்ல கை ஒட்டிக்கிச்சி."

பிசினுக்கு எண்ணெய்தான் மருந்து. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கத்தி வழுக்கிக் கீழே விழுந்தது. உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். பழம் அறுக்குமுன் நான் தடவிய எண்ணெய் அப்படியே இருந்தது.

"பிசினே இல்லையேப்பா," என்றாள்.

என் கையை விட்டுவிட்டு, அப்பா வீட்டுக்குள் வரும்போது நகர்வாளே, அதே மாதிரி உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள்.