தோளில் கிடந்த துண்டு

தஞ்சாவூரில் நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த நாட்களில், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். வயலில் கூலி வேலை செய்தவர். காரைக்கால் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போன மகளைப் பார்க்கத் தனியாக விமானம் ஏறப்போகிறாராம். ஏர்போர்ட்டில் பேச நாலு வார்த்தை தெரிந்தால் போதும் என்றார்.

மெலிந்த உடம்பு. தோளில் விவசாயச் சங்கத்துச் சிவப்புத் துண்டு. அது நழுவும்போதெல்லாம் எடுத்துச் சரியாகப் போட்டுக்கொள்வார். பெட்டிக்கு 'பகாஜ்', வெளியே போகும் வழிக்கு 'சொர்த்தி', நன்றிக்கு 'மெர்சி' என்று எல்லாவற்றையும் முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நான் அதிகாரியாக நடித்தேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிறபடியே, "பாஸ்போர்!" என்று அதட்டினேன்.

அவர் கை சட்டென்று துண்டை இறக்கி அக்குளில் இடுக்கியது. முதுகு வளைந்தது. மறுகணமே நிமிர்ந்து, துண்டைத் தோளில் போட்டார். முகம் இறுகிவிட்டது.

"இத எறக்க மாட்டேன்னு பண்ணையார் வாசல்ல அடி வாங்கினவன் சார் நான். அதுக்கு முன்னால எறக்கி எறக்கிப் பழகின கை, இன்னும் மறக்கல பாருங்க."

"அங்க யாரும் அப்படி நிக்க வேண்டாங்க," என்றேன்.

"தெரியும் சார். இன்னொரு தடவ கேளுங்க. இன்னும் அதட்டிக் கேளுங்க."

கேட்டேன். பல தடவை கேட்டேன். துண்டு இறங்கவேயில்லை.

"நல்லா அதட்டுறீங்க சார்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நானும் ஒரு பண்ணையார் வீட்டில் பிறந்தவன்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.