எலாஸ்டிக் இடுப்பில் ஒரு பிஸ்டல்

இடுப்பில் தோட்டா நிரப்பிய பிஸ்டலைக் கட்டிக்கொண்டு, நடக்க முடியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியிருக்கிறீர்களா? இல்லையென்றால், "பயமாக இருந்தால் ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று எந்தப் பெண்ணிடமும் சொல்வதற்கு முன் ரெனீட்டா காடிலைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

ரெனீட்டா எங்கள் ஊர்க்காரி. கிழக்குக் கென்டக்கியில் இரண்டு மலைகளுக்கு நடுவே, சுரங்கம் மூடிய பிறகும் போக இடமில்லாதவர்கள் தங்கிவிட்ட ஊர் இது. வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி மாற்றிவிட்டு வருவது அவள் வேலை. பிறரைத் தூக்கித் தூக்கியே இரண்டு கட்டைவிரல்களும் கெட்டுவிட்டன. ஜாடி மூடியைத் திறக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் கொண்டுவருவாள்.

அவள் முன்னாள் கணவன் டெரல், விவாகரத்துக்குப் பிறகும் அவளை விடவில்லை. ஒருமுறை சமையலறையில் கழுத்தைப் பிடித்தான். நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை கொடுத்தது. குறிப்பிட்ட தூரத்துக்குள் அவளை நெருங்கக் கூடாது, துப்பாக்கி எதுவும் வைத்திருக்கக் கூடாது. இரண்டும் எழுத்தில் இருந்தன. மான் வேட்டைத் துப்பாக்கிகளை எல்லாம் அவன் தம்பி வீட்டுக்கு மாற்றி, "அதெல்லாம் தம்பியோடது" என்று சொல்லிவிட்டான். எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, போலீஸாக இருக்கும் ஷெரீப் அலுவலகம் அதை நம்பிக்கொண்டது. தம்பி வீடு அவன் வீட்டுக்கு எதிர்வீடு.

எங்கள் பக்கத்து ரோடுகளில் எதிரே வரும் வண்டிக்காரர், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். நாமும் உயர்த்த வேண்டும். அதுதான் வணக்கம். உயர்த்தாதவனை வெளியூர்க்காரன் என்போம். ரெனீட்டா வேலைக்குப் போகும் வீட்டுக்கு எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம், டெரல் தன் பிக்கப் வண்டியை நிறுத்தத் தொடங்கினான். அவள் காரிலிருந்து இறங்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவான். அவ்வளவுதான். போய்விடுவான். அடுத்த வீட்டிலும் நிற்பான்.

அவள் புகார் சொல்ல வரவழைத்த துணை ஷெரீப் இளம் ஆள். மரியாதையாகத்தான் பேசினார்.

"அவரு என்னம்மா பண்ணாரு?"

"வண்டிய நிறுத்திட்டு வெரல தூக்குனான்."

"அது எல்லாரும் பண்றதுதானே. நான்கூட வர்ற வழியில நாலு பேருக்குத் தூக்கிட்டுத்தான் வந்தேன்."

"உங்க பொண்டாட்டி கழுத்த நெரிச்சவன் தூக்குனா?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "ரோடு பொது எடம்மா. தூரம் அளந்தா அந்தாளு சரியாத்தான் நிக்கிறாரு. நாங்க ரெண்டே பேரு, மொத்தக் கவுண்டிக்கும். நீங்க கூப்புட்டா வந்து சேர நேரமாகும். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கைக்கு அடக்கமா ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க."

யோசித்துப் பாருங்கள். அவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்க வேண்டியவர், இவளைத் துப்பாக்கி வாங்கச் சொல்கிறார். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை, பகல் முழுக்க ஆள் தூக்கிவிட்டு வரும் ஒருத்தியின் தலையில் கட்டுகிறார். அதுவும் அவள் சொந்தச் செலவில். தேவாலயத்தில் சொன்னபோது ஜெபம் செய்வதாகச் சொன்னார்கள். ஜெபத்துக்கும் அந்த வண்டி நகரவில்லை.

எங்கள் மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போக அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, அதே நீல எலாஸ்டிக் பேண்ட்டோடு, ரெனீட்டா வெண்டலின் கடைக்குப் போனாள். கூட நானும் போனேன். வெண்டல் தூண்டில், புழு, காலுறை, துப்பாக்கி எல்லாம் விற்பவர். ரெனீட்டாவின் அப்பாவுக்கு வேட்டைக் கூட்டாளி. அவள் பன்னிரண்டு வயதில் முதல் மானைச் சுட்டபோது பக்கத்தில் நின்றவர். துப்பாக்கி என்றால் அவளுக்கு அச்சமுமில்லை, மோகமுமில்லை. மண்வெட்டி மாதிரி அதுவும் ஒரு சாமான்.

வெண்டல் கண்ணாடிப் பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவு ஒன்றை எடுத்து வைத்தார். பிடி ரோஜா நிறம்.

"இத பாரு கண்ணு. பொம்பளைங்க எல்லாம் இதத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

"கலர் நல்லாருக்கு. சுடுமா, இல்ல லிப்ஸ்டிக் வருமா?"

"சுட்டுப் பாரேன்."

தோட்டா ஏற்ற அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். ரெனீட்டா இழுத்தாள். பாதி வந்து நின்றது. கெட்டுப்போன கட்டைவிரல் பிடி கொடுக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"சின்னதா இருந்தா சுளுவா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் வெண்டல், நிஜமாகவே குழம்பி.

"எத்தன வருசமா விக்கிறீங்க?"

"முப்பது."

"ஒரு தடவையாவது என் கையால இழுத்துப் பாத்திருக்கீங்களா?"

சின்ன பிஸ்டலில் உள்ளே இருக்கும் சுருள்வில் விறைப்பாக இருக்கும், இழுப்பது கடினம். எடை குறைவு, அதனால் சுட்டால் கையை அதிகமாக உதைக்கும். குழல் குட்டை, குறி எளிதில் பிசகும். இது இயற்பியல். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இயற்பியல் மாறாது. ஆனாலும் நாடு முழுக்கக் கடைக்காரர்கள் சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்று நீட்டிக்கொண்டிருக்கிறார்கள், குழந்தைக்குச் செருப்புக் காட்டுவதுபோல.

அடுத்து ஒரு சிறிய ரிவால்வர். இழுக்க வேண்டியதில்லை, ஆனால் விசை கல்லாக இருந்தது. கடைக்குப் பின்னால் மண்மேட்டில் சுட்டுப் பார்த்தாள். மூன்றாவது தோட்டாவுக்குப் பிறகு ரிவால்வரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கடைசியில் நடுத்தர அளவில், மேல்பாகம் இலகுவாக வழுக்கும் பிஸ்டல் ஒன்று சரிப்பட்டது. ஐந்து தோட்டாவும் குறிக்காக மாட்டிய காகிதத் தட்டில் நெருக்கமாக விழுந்தன.

"அப்பாவோட கண்ணு ஒனக்கு" என்றார் வெண்டல். "சரி, எங்க சொருகுவ? பெல்ட்டு எங்க?"

ரெனீட்டா தன் எலாஸ்டிக் இடுப்பை இழுத்து விட்டாள். அது சொத்தென்று வயிற்றில் அடித்தது.

கடையில் தொங்கிய துப்பாக்கி உறைகள் அத்தனையும் தடித்த தோல் பெல்ட் கட்டிய ஆம்பிளைக்காகச் செய்தவை. எலாஸ்டிக்கில் மாட்டினால் பேண்ட் இறங்குகிறது. வெண்டல் ரகசிய அறை வைத்த கைப்பை ஒன்றைக் காட்டினார்.

"பையக் கொண்டுபோய் நோயாளி வீட்டு மேசைமேலதான் வெக்கணும்" என்றாள் ரெனீட்டா. "நான் பாத்துக்கிற எஸ்டில் ஐயாவுக்கு மறதி. சாவியத் தேடுறேன்னு கைக்கு எட்டுற பையெல்லாம் கொடைவாரு. சுரங்கத்துக்குப் போற சாவி. சுரங்கமே இல்ல."

முடிவில் வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை ஒன்றுதான் கிடைத்தது. பிரசவத்துக்குப் பிறகு கட்டுவது மாதிரி. அதில் பிஸ்டலுக்கு ஒரு பை. மேலே தொளதொள சட்டை.

"யாருக்கும் தெரியாது" என்றார் வெண்டல் திருப்தியோடு. "மறைச்சு வெக்கிறதுல பாதி பலமே அதுதான். இருக்கா இல்லையான்னு எவனுக்கும் தெரியக் கூடாது."

திங்கட்கிழமை அதைக் கட்டிக்கொண்டு எஸ்டில் வீட்டுக்குப் போனாள். அன்று மாலை சோளரொட்டியும் பீன்சும் சாப்பிட்டுக்கொண்டே, என்ன நடந்தது என்று என்னிடம் சொன்னாள்.

எஸ்டிலைக் கட்டிலிலிருந்து எழுப்ப ஒரே வழி, அவர் கைகளைத் தன் இடுப்பைச் சுற்றிப் போடச் சொல்லி, மார்போடு அணைத்துத் தூக்கித் திருப்புவது. "வாங்க ஐயா, ஆடுவோம்" என்பாள். அவரும், "பாட்டு எங்க?" என்பார். தினமும் இதுதான். அன்று குனிந்தபோதே பிஸ்டலின் பிடி அவள் விலாவில் குத்தியது. அவர் கைகள் இடுப்பைச் சுற்றியதும் நின்றுவிட்டன. விரல்கள் சட்டைக்கு மேலாகவே தடவிப் பார்த்தன. யார் பெயரும் ஞாபகமில்லாத மனிதர், கைக்குப் பழக்கமானதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"யாரச் சுடப்போற, புள்ள?"

"யாரையும் இல்ல ஐயா. நாற்காலி பின்னால இருக்கு, உக்காருங்க."

"என்னையா?"

"உங்களச் சுட்டா எனக்கு யாரு கூட ஆட்டம்?"

சிரித்தார். ஆனால் உட்கார்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. பட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார், போர்வை நூலை இழுப்பதுபோல. ஒவ்வொரு விரலாக அவள் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து காரில், இருக்கைக்கு அடியில் கம்பிவடத்தால் பிணைத்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனாள். காருக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்குத்தான் துப்பாக்கி வாங்கினாள். அந்தத் தூரத்தில்தான் அது அவளிடம் இல்லை. "காலுக்குச் செருப்பு வாங்கியாச்சு, வீட்லயே வெச்சாச்சு" என்றாள். சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது அவளுக்கு.

இதற்குள் வெண்டல் ஒரு காரியம் செய்திருந்தார். டெரல் தோட்டா வாங்கவோ புழு வாங்கவோ கடைக்கு வந்திருக்கிறான். அவனுக்குத் தோட்டா விற்கலாமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. வெண்டல் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பெரிய மனிதராக, "டேய், இனிமே அந்தப் பொண்ணு பக்கம் போவாத. அவகிட்ட இப்ப ஒண்ணு இருக்கு. நல்லாவும் சுடுறா" என்று எச்சரித்திருக்கிறார். எங்கள் ஊரில் இது நல்ல மனசு. இரண்டு பக்கத்தையும் தெரிந்தவர்கள் இப்படித்தான் சண்டையை விலக்குவார்கள்.

டெரல் பயந்தான்தான். பயத்தோடு நேராக நீதிமன்றத்துக்குப் போனான். தன் முன்னாள் மனைவி துப்பாக்கி வாங்கியிருக்கிறாள், தன்னைச் சுடுவாள், தனக்குப் பாதுகாப்பு ஆணை வேண்டும் என்று மனுப் போட்டான்.

விசாரணையன்று அவன் பக்கத்துப் பெஞ்சு நிறைந்திருந்தது. தம்பி, தம்பி மனைவி, சித்தப்பா, இரண்டு சுரங்கக் கூட்டாளிகள். அவள் பக்கம் நான் ஒருத்தி. மற்றவர்களுக்கு வேலை இருந்தது, அல்லது டெரலின் தம்பியோடு நாளை முகம் பார்க்க வேண்டியிருந்தது.

"துப்பாக்கி வாங்கினீங்களா?" என்று கேட்டார் டெரலின் வக்கீல்.

"வாங்கினேன்."

"எதுக்கு?"

"உங்க கட்சிக்காரருக்கு."

பின்பெஞ்சில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். ரெனீட்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மை எழுத்தில் ஏறியபோது வேறு மாதிரி இருந்தது.

"அவனுக்குப் பயந்து வாங்கினேன்னு சொல்ல வந்தேங்க" என்றாள் நீதிபதியிடம்.

"எனக்குந்தாங்க பயம்" என்றான் டெரல். "அவ சுட்டா தப்பாது. ஊருக்கே தெரியும்."

நீதிபதி கெட்டவர் இல்லை. மதியத்துக்குள் இன்னும் பல வழக்குகள் அவருக்கு. இரண்டு பக்கமும் சூடு தணியட்டும் என்றார். முழு விசாரணை வரை இருவருமே தங்களிடம் இருக்கும் துப்பாக்கிகளை ஷெரீபிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இரண்டு தட்டும் சமமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு தட்டில் கழுத்தை நெரித்த கை, இன்னொன்றில் நெரிபட்ட கழுத்து. அதற்குப் பெயர் நடுநிலை.

ரெனீட்டா அன்றே காரிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, நீதிமன்றத்துக்கு அடுத்த கட்டடத்துக்குப் போனாள். அதே துணை ஷெரீப். தோட்டாவை எடுத்துவிட்டுக் காலியாக இருப்பதைக் காட்டி மேசைமேல் வைத்தாள்.

"நீங்களாவது சொன்னவுடனே கொண்டாந்தீங்களே" என்றார் அவர்.

"அவன்?"

"தன்கிட்ட எதுவும் இல்லன்னு சொல்றாரும்மா. எல்லாம் தம்பியோடதாம்."

"நீங்கதான என்னை வாங்கச் சொன்னீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார். "சொன்னேன்."

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன்; வழியில் வெண்டலின் கடையில் நிறுத்தச் சொன்னாள். அவர் முகம் செத்துக் கிடந்தது. கேள்விப்பட்டுவிட்டார்.

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் கண்ணு. தெரிஞ்சா ஒதுங்கிருவான்னு நெனச்சேன்."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லித்தான வித்தீங்க?"

"அவனும் நம்ம ஊரு ஆளுதானேன்னு..."

"ஆமா" என்றாள் ரெனீட்டா. "அதான் எல்லாத்துக்கும் காரணம்." கோபம்கூட இல்லை குரலில். எஸ்டில் ஐயாவுக்குக் கனமான காலுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இன்று காலையும் அவள் வேலைக்குப் போனாள். எதிரே டெரலின் வண்டி நின்றது. இரும்புப் பெட்டி காலி. இறங்கி, நடந்து, கதவைத் தட்டினாள். முழு விசாரணை அடுத்த மாதம் வைத்திருக்கிறார்கள். அதுவரை தினமும் இப்படித்தான் நடந்தாக வேண்டும்.

நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பவர்கள், எந்தத் துப்பாக்கி நல்லது என்று என்னிடம் கேட்டு இனி யாரும் எழுத வேண்டாம். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குப் போங்கள். அடித்தவனிடமிருந்து காப்பாற்றச் சொல்லி ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருப்பாள். அவள் பக்கத்துப் பெஞ்சில் உட்காருங்கள். உத்தரவு படித்து முடித்ததும் எழுந்து, அதை நிறைவேற்ற வேண்டிய அதிகாரியிடம் எல்லார் காதிலும் விழும்படி கேளுங்கள்: அவன் வீட்டுக்குப் போகப்போவது யார், எப்போது?