ஏரிக்கு வந்த காட்டெருமை

கோத்தகிரி தாண்டி, தேயிலைச் சரிவின் அடியில் சின்னதாக ஒரு தனியார் ஏரி. சுற்றிலும் கோடைக்கு மட்டும் ஆள் வரும் வீடுகள், இப்போது எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டில் நிற்கும் காவல்கார அக்கா என்னை உள்ளே விட மறுக்கிறார்.

"ஊட்டுக்காரங்க மட்டுந்தானுங்க வரலாம். இங்கிருந்தே பாத்துட்டுப் போங்க."

கம்பி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கேட்டைச் சாத்துகிறார். நான் நின்ற இடத்தருகே, தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை இறங்குகிறது. அது எங்களைப் பொருட்படுத்தாமல், வேலி சரிந்த இடத்தில் புகுந்து ஏரியில் தண்ணீர் குடிக்கிறது.

"அதை வர வேண்டாம்னு சொல்லலீங்களா?" என்கிறேன்.

அக்கா சிரித்தபடி நாற்காலியை என் பக்கம் நகர்த்துகிறார். "அது திரும்ப இந்தக் கேட்டு வழியாத்தான் மேல ஏறும். அது கெளம்புற வரைக்கும் நீங்களும் வெளிய போக முடியாதுங்க. உக்காருங்க."

ஏரியைப் பார்த்தபடி நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறேன். அது மெதுவாகவே குடிக்கட்டும்.