வெளுக்காத பஞ்சு

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள ஒரகடத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். போனது பல்லுக்கு, கோபித்துக்கொண்டு வந்தது புல்லுக்கு.

காத்திருக்கும் இடத்தில் ஒரு மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நீலக் கல், வாயைத் திறந்து திறந்து மூடும் பொம்மைச் சிப்பி, கண் கூசும் பச்சையில் பிளாஸ்டிக் புல். தங்கமீன் ஒன்று அந்தப் புல்லைக் கவ்விப் பார்த்துவிட்டுத் துப்பியது. அறை முழுக்கப் பினாயில் வாசனை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் உட்கார முடியாது. எங்கே துடைப்பம், எங்கே வாளி என்று கை தேடும். அந்த வாசனையில் சோறு தின்றவள் நான்.

பல்லைப் பிடுங்கி, ஓட்டையில் பஞ்சை வைத்து, வாயைத் திறக்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தால், அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தி தொட்டித் தண்ணீரை வடிகட்டும் மோட்டாரிலிருந்து ஸ்பாஞ்சைக் கழற்றி, குழாயடியில் சோப்புத் தூள் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னும் வெள்ளை போதவில்லை என்று மறுபடி பிழிந்தாள். ‘வேணாம்மா’ என்று சொல்ல வாய் வரவில்லை. வாய் நிறையப் பஞ்சு. ‘ம்ம், ம்ம்’ என்று கையை ஆட்டினேன். அவள் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவளிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வருவேன். கூட வாருங்கள்.

வல்லக்கோட்டை போகும் வழியில் எங்கள் ஊர் நிலங்களை வாங்கி ஒரு கம்பெனி கட்டினார்கள். கார் கதவு ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் செய்யும் கம்பெனி. நிலம் விற்றவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு மெஷின் லைனில் வேலை, எங்களைப் போன்றவர்களுக்கு ஹவுஸ்கீப்பிங். முன்கட்டில் விருந்தாளிகள் உட்காரும் ரிசப்ஷன் என் பொறுப்பு. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன்: நான் துடைத்த தரையில் மேலே எரியும் விளக்குகளை எண்ணலாம். விருந்தாளிகள் செருப்போடு வரத் தயங்கி வாசலில் நின்றிருக்கிறார்கள்.

அந்த ரிசப்ஷனில் ஒரு தொட்டி இருந்தது. முன்பிருந்த பெரிய அதிகாரி ஆசைப்பட்டு வைத்தது. நிஜப் புல், நிஜச் செடி. அவர் மாற்றலாகிப் போனதும் தொட்டி என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சுத்தம். சனிக்கிழமை ஆனால் மீனை வாளியில் போடுவேன், தண்ணீரை முழுக்க இறைப்பேன், செடியைப் பிடுங்கி வேரை அலசுவேன், கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன், மோட்டாரில் இருக்கிற ஸ்பாஞ்சுப் பஞ்சைச் சோப்பில் ஊறவைத்து வேட்டி மாதிரி வெளுப்பேன். ஞாயிறு முழுக்கத் தொட்டி பளிங்கு. திங்கட்கிழமை காலையில் ஒரு மீன் மல்லாந்திருக்கும். மீன் செத்ததா, அழுக்குதான் காரணம் என்று அடுத்த சனிக்கிழமை இன்னும் அழுத்தித் தேய்ப்பேன்.

கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர் செல்லப்பன், தூத்துக்குடிப் பக்கம். திங்கட்கிழமை என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொள்வார். “யக்கா, இன்னைக்கும் எழவு விழுந்துட்டு. நான் உள்ள வந்து பாத்தேன். ஒரு மாலை வாங்கிட்டு வரட்டா?”

“போய்யா, கேட்டப் பார்த்துகினு நில்லு,” என்பேன். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அவர் கேலி உறைக்கவில்லை. உறைத்தது எங்கள் சூப்பர்வைசர் குமார் சொன்னதுதான். பணப்பாக்கம் பையன், என் மகன் வயது. கடைசி மீனும் செத்த அன்று, லைனுக்குப் போகிற பையன்கள் நிற்கும்போதே சொன்னான்: “கைராசின்னு ஒண்ணு கீதுல்ல பெரியம்மா? ஒண்ணும் தப்பா நெனைக்காத. சில பேர் கை பட்டா ஒண்ணும் தங்காது. வேற ஆள வுடுறேன்.”

தப்பாக நினைக்காமல் எப்படி இருப்பது? அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல.

நடவு தொடங்கும் அன்று முதல் பிடி நாற்றை ஒரு கைராசிக்காரியிடம் கொடுத்து நடச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தரம் நட்டேன், விளைந்தது. அதிலிருந்து முதல் பிடி எனக்குத்தான். ஊரில் யார் வயலானாலும் வரப்பில் வந்து கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றேன். நாற்று என்னைத் தாண்டிப் பக்கத்தில் நின்றவள் கைக்குப் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன். குனிந்து மற்றவர்களோடு வரிசையில் நட்டேன். அதே கை, அதே சேறு.

அந்த வயலின் மேல்தான் ரிசப்ஷன் இருந்தது. கிணற்றை வைத்துக் கணக்குப் போட்டு எனக்கு இடம் தெரியும். தொட்டி நின்ற மூலைக்கு நேர் கீழே அந்த வரப்பு.

இதற்கு நடுவில் தொட்டிக்குச் சிவப்பு அட்டை கட்டிவிட்டார்கள். கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு: மாதா மாதம் சுத்தம் பார்க்கச் சுற்றி வருவார்கள், உபயோகமில்லாமல் நிற்கிற சாமானில் சிவப்பு அட்டையைக் கட்டுவார்கள், அதற்குப் பிறகும் அது உபயோகப்படவில்லையென்றால் பின்பக்கம் கழிவுச் சாமான் குவிக்கிற ஸ்கிராப் யார்டுக்குப் போய்விடும். உடைந்த நாற்காலிக்குக் கட்டுகிற அட்டை. அதில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. படிக்கத் தேவையில்லை, நிறம் போதும்.

நான் நேரே நிர்வாக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: “அதுக்குப் பதிலா பிளாஸ்டிக் செடி ஆர்டர் பண்ணிடலாம்மா. வெளிநாட்டு கஸ்டமர் வர்றாங்க. செத்த மீனைக் காட்ட முடியுமா?”

“அவங்க வர்ற வரைக்கும் டைம் குடு சார். நெசச் செடியே நான் வெக்கிறேன். இன்னொரு ஆளு கை அதுல படக்கூடாது.”

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். “வர்ற அன்னிக்கு சரியா இருந்தா அட்டையை எடுக்கிறேன். இல்லேன்னா யார்டு.”

படப்பையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ரோஸி என்கிற பெண் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தாள். அவளிடம் போய் நான் செய்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், கொஞ்சம் மெச்சிக்கொள்வாள் என்று. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“பஞ்ச சோப்புல தோய்ச்சியா? இன்னாக்கா, வெளையாடுறியா?”

“பின்ன அழுக்கா வுடச் சொல்றியா?”

“அது அழுக்கு இல்லக்கா. மீனு தண்ணிலயே துன்னுது, தண்ணிலயே போவுது. அந்த அசிங்கத்தத் துன்றதுக்குன்னே கண்ணுக்குத் தெரியாத உசுருங்க அந்தப் பஞ்சுல குந்திகினு கீது. உன்ன மாதிரின்னு வெச்சுக்கோயேன், அதுங்களும் ஹவுஸ்கீப்பிங்தான். நீ வாராவாரம் போயி உன் ஆளுங்களையே கொன்னுட்டு வந்துகினு கீற.”

என் கையில் எது சுத்தமோ அதுதான் கொன்றது. ஆனால் ஒன்று, ராசி இல்லை, சோப்பு. சோப்பை விட்டுவிடலாம். ராசியை எங்கே போய் விடுவது? எனக்கு உடம்பே லேசானது.

ரோஸி தன் தொட்டியில் ஊறிக் காப்பி நிறமாக இருந்த பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொடுத்தாள். தயிருக்கு உறை வாங்கிப் போகிற மாதிரி அதை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கூடவே வாலிஸ் என்கிற நாடாப்புல். நாடா மாதிரி நீள நீளமாக நீரில் நின்று ஆடும்.

மறுநாள் பருமணலைக் கழுவி நிரப்பினேன். கழுவியது அதோடு சரி. அரைத் தொட்டி நீர் விட்டு, இடுப்பு வரை குனிந்து, கையை முழங்கைக்கு மேல் உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக நட்டேன். வேர் மண்ணுக்குள், கழுத்து வெளியே. நாற்றுக்கும் அதே முறைதான். ரிசப்ஷன் மேஜையிலிருந்த பெண் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். முதல் புல்லை ஊன்றும்போது யாருக்கும் கேட்காமல் மனதுக்குள் ஒரு குலவை இட்டேன். அதைச் சொல்ல இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரத்தில் இலை எல்லாம் கூழாகிவிட்டது.

குமார் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். “மீனே இல்லாத தொட்டியில புல்லும் செத்துச்சா? ரெக்கார்டு பெரியம்மா!”

நான் அசையவில்லை. நாற்று பிடுங்கி நட்டால் முதலில் மஞ்சளித்துச் சாய்ந்துதான் நிற்கும். வேர் பிடித்த பிறகு பச்சை கட்டும். பயந்து பிடுங்கிப் பார்க்கிறவளுக்கு விளையாது. அழுகின இலையை மட்டும் நகத்தால் கிள்ளி எடுத்தேன்.

கண்ணாடியில் வேறு பாசி படர்ந்தது. மூன்று ஷிப்ட்டும் எரியும் விளக்கு அதற்குக் காரணம் என்று ரோஸி சொல்லியிருந்தாள். பொழுது சாய்ந்ததும் தொட்டி விளக்கை அணைக்கச் செல்லப்பனிடம் கேட்டேன்.

“அணைச்சா கேமராவுல தெரியாதேக்கா. மீனு களவு போயிட்டுன்னா யாரு பதில் சொல்லுதது?”

“மீனே இல்லாத தொட்டிய எவன்யா திருடுவான்?”

“அதுவும் சரிதான்,” என்று அன்றிலிருந்து அணைத்தார்.

இலை அழுகியதோ கேலியோ பெரிய கஷ்டமில்லை. சனிக்கிழமைதான் கஷ்டம். மற்ற வேலை முடிந்ததும் கை தானாகத் தொட்டிக்குப் போகும். ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, முன்னமே பிடித்து ஆறவைத்த தண்ணீரில் ஒரு வாளி விடு, அதற்கு மேல் தொடாதே என்பது ரோஸியின் கட்டளை. வெளிக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு, முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு நிற்பேன். மணலில் தூசி படிவது தெரியும். பஞ்சு நாளுக்கு நாள் கறுப்பது தெரியும். ஊரெல்லாம் துடைக்கிறவள் ஒரு அழுக்கைப் பார்த்துக்கொண்டே நிற்பது எத்தனை பாடு என்று துடைக்கிறவளுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு காலையில் கூழுக்கு நடுவிலிருந்து கூராக ஒரு பச்சை நிமிர்ந்திருந்தது. அப்புறம் பக்கத்தில் கொடி விட்டுக் குட்டிப் புல். ரோஸியிடம் கொஞ்சம் கப்பி மீன் வாங்கி விட்டேன். திங்கட்கிழமை வந்தது. செல்லப்பன் தொப்பியைக் கழற்றவில்லை. விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்.

விருந்தாளிகள் வருவதற்கு முதல் நாள். கழிவறைப் பக்கம் துடைத்துவிட்டு வருகிறேன், குமார் தொட்டியில் கையை விட்டுப் பஞ்சைக் கழற்றிப் பிடித்திருக்கிறான். அது சாக்கடை நிறம். இன்னொரு கையில் சோப்பு.

“இன்னா பெரியம்மா இது, நாத்தம்! நாளைக்கு கஸ்டமர் ஆடிட்டு, இத எவனாவது பார்த்தான்னா என் சீட்டு கிழிஞ்சிரும்!”

ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். நான் துடைத்த தரையில், என் புடவையில், கறுப்புத் தண்ணீர் ஒழுகியது.

“வுடு.”

“வுட மாட்டேன். இத வெளுக்கறதா இருந்தா முதல்ல என்ன வேலைய வுட்டு நிறுத்து.”

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். தரையைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவில் புல் ஆடிக்கொண்டிருந்தது. கப்பிகள் அதற்குள் நுழைந்து நுழைந்து வந்தன.

“நாளைக்கு ஒண்ணு செத்து மிதந்தா?” என்றார்.

“எனக்கும் ஒரு செவப்பு அட்டை கட்டிடு சார். தொட்டியோட யார்டுக்குப் போறேன்.”

அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பஞ்சை அவங்ககிட்ட குடு, குமார்,” என்றார்.

அதை அலசாமல் அப்படியே மோட்டாரில் பொருத்தினேன். பிறகு தரையைத் துடைத்தேன்.

மறுநாள் வந்த விருந்தாளிகளில் வயதான ஒருவர் தொட்டி முன்னால் நின்றுவிட்டார். குனிந்து, மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரிப் பார்த்து, புல்லின் அடியில் விரலைக் காட்டி அவர் பாஷையில் என்னவோ சொன்னார். எல்லோரும் குனிந்தார்கள். கப்பி குட்டி போட்டிருந்தது. கண்ணும் வாலுமாக, கடுகு கடுகாக. துடைப்பத்தோடு தூண் ஓரம் நின்ற எனக்கும் தெரிந்தது, குமாருக்கும் தெரிந்தது. அவர்கள் மாடிக்குப் போனதும் மேனேஜர் திரும்பி வந்து, அவர் கையாலேயே சிவப்பு அட்டையின் முடிச்சை அவிழ்த்தார். அவருக்கு முடிச்சு அவிழ்க்க வரவில்லை. நான் அவசரப்பட்டு உதவப் போகவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் குமார் ஒரு ஊறுகாய் பாட்டிலோடு வந்து நின்றான். “பெரியம்மா, ரெண்டு புல்லு குடேன். எங்க வூட்டுல பாப்பா கேக்குது.” அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “உன் கையாலயே குடு,” என்றான்.

“அடுத்த வாரம் பார்க்கலாம்,” என்றேன். அடுத்த வாரம் கொடுத்தேன்.

கம்பெனி பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டது. தொட்டியை யாரோ எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு வாளியில் புல்லையும் பஞ்சையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுப் பின்னால் சிமென்ட் தொட்டியில் அவை இருக்கின்றன. அக்கம் பக்கத்தில் கேட்டு வருகிறவர்களுக்கு நான்தான் பிடுங்கிக் கொடுக்க வேண்டும். தாங்களே எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பல் ஆஸ்பத்திரியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை வாயில் எதையும் வைப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணைப் பிடித்துவிடுவேன். பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, கவரில் கட்டி வைத்திருக்கிறேன்.

அன்று பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும்போது ஆட்டோவில் பழைய கம்பெனி வழியாகத்தான் வந்தேன். செல்லப்பன் ஊருக்குப் போய்விட்டார். கேட்டில் ஆள் இல்லை. படப்பையில் ரோஸி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்களாம். ரிசப்ஷன் இப்போது பார்சல் பெட்டி அடுக்கும் கொட்டகை. விளக்கு எண்ணலாம் என்றேனே, அந்தத் தரையைப் பெயர்த்துவிட்டு லாரி ஏறச் சிமென்ட் போட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே இருந்த வரப்பு எப்போதோ போய்விட்டது. அன்றைக்கு நாற்றை என்னைத் தாண்டி நீட்டியவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. இருந்திருந்தால், பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி அவர்களுக்கும் என் கையால் ஒரு பிடி கொடுத்திருப்பேன்.