அந்தோனியாரின் பெற்றோல்

எனக்கு யாரையும் இலேசில் மெச்சிப் பழக்கமில்லை. கடை வைத்திருப்பவனுக்கு ஊரில் எல்லாருடைய குறையும் தெரிந்திருக்கும். மெச்ச மனம் வராது. ஆனால் யூஜீனியாவைப் பற்றிச் சொல்ல வரும்போது என் குரல் தானாக இறங்கிவிடுகிறது.

நான் கற்பிட்டிக்காரன், பெயர் ஸியாத். களப்பு என்று நாங்கள் சொல்லும் உப்பங்கழியின் வாய்க்கு அப்பால் இருக்கும் சின்ன மணல்தீவு ஒன்றில் கடை போட்டிருக்கிறேன். தீவில் உள்ளவர்கள் எல்லாம் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்கள். தொழுகிற ஆள் நான் ஒருவன்தான். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், பெற்றோல் எல்லாம் என் வள்ளத்தில்தான் கற்பிட்டியிலிருந்து வரும். எங்கள் பக்கத்துப் படகு எஞ்சின்களைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். பெற்றோல் இல்லையென்றால் எத்தனை பீப்பாய் மண்ணெண்ணெய் இருந்தும் எஞ்சின் கண் திறக்காது.

நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருஷம், யாகப்பு என்ற மனிதர் நெஞ்சுவலியோடு கரையிலேயே கிடந்து செத்துப்போனார். வரிசையாகப் படகுகள் நின்றன. ஒன்றைக் கிளப்பக்கூட ஒரு கோப்பை பெற்றோல் தீவில் இல்லை. அடக்கம் முடிந்து மறுபடி எண்ணெய் வரத் தொடங்கியதும், வீட்டுக்கு ஒரு கோப்பை பெற்றோல் கொண்டுவந்து ஒரு கேனில் ஊற்றி, கோயிலில் புனித அந்தோனியார் சிலையின் காலடியில் வைத்தார்கள். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும்தான் தொடுவது என்று சத்தியம் பண்ணினார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் நம் சனத்துக்கு ஒன்றைக் கொடுத்தால் அதைக் கும்பிடாமல் இருக்க முடியாது. கொஞ்ச நாளில் கேனுக்கும் பூமாலை விழுந்தது. பெற்றோலுக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றவும் ஆள் வந்தது. கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற யூஜீனியாதான் பயந்துபோய் அதைத் தூக்கி, தனியாக நிற்கும் பலகைச் சாமான் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி அவளிடம் இருந்தது.

அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். கல்யாணம் கட்டவில்லை. கருவாடு போட்டு, தன் சின்ன வள்ளத்தில் தானே எஞ்சின் கயிற்றை இழுத்துக் கற்பிட்டிக்குக் கொண்டுபோய் விற்பாள். ஒரு தடவை யாரோ பதுக்கி வைத்திருந்த பழைய பெற்றோலை வாங்கி ஊற்றி, களப்பின் நடுவில் எஞ்சின் நின்று, கை தோலுரியத் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தவள். எஞ்சின் பழுதுபார்ப்பவர் காபரேட்டரைத் திறந்து காட்டியபோது உள்ளே பலாப்பால் போலப் பசை பிடித்திருந்ததாம். அதை அவள் மறக்கவில்லை. அதனால் கொட்டிலில் இருக்கும் பெற்றோலைக் கெட விடாமல், அவ்வப்போது அதைத் தன் வள்ளத்தில் ஊற்றி ஓடிவிட்டு, கேனில் புதிதாக வாங்கியதை நிரப்பி வைத்து வந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. அந்தோனியாருக்குக் கொடுத்ததில் கை வைக்கிறேன் என்று எந்த வாயால் சொல்லுவாள்?

ஒருநாள் காலையில் அவள் ஊற்றுவதை யூட் பார்த்துவிட்டான். தீவில் பெரிய படகும் பெரிய எஞ்சினும் பெரிய வாயும் அவனுக்குத்தான். ஞாயிறு செபம் முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கேட்டான்.

"அந்தோனியார்ர எண்ணெயில கருவாட்டு யாவாரம் நடக்குதோ அக்கா?"

"பெற்றோல் பழசானா கெட்டுப்போகும் தம்பி. மாத்தி மாத்தித்தான் வெக்கிறன். கேனத் துறந்து பாரு, நிறைய இருக்கு."

"புனிதருக்குக் குடுத்தது எப்பிடிக் கெடும்? கெட்டது உன்ர மனசு."

கேன் நிறைய இருந்ததை யாரும் போய்ப் பார்க்கவில்லை. சாவியை வாங்கி யூட்டிடம் கொடுத்தார்கள். கோயில் கூட்டும் வேலையும் போயிற்று. பிள்ளைகள்கூட அவளைக் கண்டால் எண்ணெய்க் கள்ளி என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நானாக இருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு மாம்புரிப் பக்கம் போய், வாழ்நாள் முழுக்க அந்தத் தீவைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அவள் மறுநாளும் வழக்கம்போலக் கருவாடு காயப் போட்டாள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சில மாதம் போனதும், தன் வள்ளத்துக்குத் தேவையானதற்கு மேல் ஒரு சின்னக் கேன் பெற்றோல் சேர்த்து வாங்கிக்கொண்டே இருந்தாள்.

"இது என்னத்துக்கு தங்கச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணும் நானா" என்றாள்; எங்கள் ஆட்களை அண்ணன் முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். காசை எண்ணி வைத்துவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்படியே மாதங்கள் போயின. பிறகு அந்தப் பெருமழை வந்தது. வெள்ளம் பாதையை மறித்து, எண்ணெய் ஏற்றிவரும் பவுசர் எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. கற்பிட்டியிலேயே எண்ணெய் இல்லாதபோது என் கடையில் எங்கிருந்து வரும்? மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடந்தது. பெற்றோல் சொட்டும் இல்லை. கடலும் கொதித்ததால் படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன.

மழை சற்று விட்ட ஒரு பின்னேரம் யூட்டின் மனைவி டிலுக்ஷிக்குப் பிரசவ வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது. வலியோடு இரத்தமும் போகத் தொடங்கியது. முகம் வெளுத்துவிட்டது என்று பெண்கள் ஓடிவந்து சொன்னார்கள். யூட் கொட்டிலைத் திறந்து அந்தோனியாரின் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் முகத்தில் அப்போதும் நம்பிக்கை இருந்தது. அவனுக்குப் பின்னால் ஊரே செபம் சொல்லிக்கொண்டு வந்தது. ஆண்கள் அவன் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள்.

மூடியைத் திறந்ததும் நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பெற்றோல் மணமே இல்லை. பழைய வார்னிஷ் மணம். டாங்கியில் ஊற்றும்போது பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் விழுந்தது. யூட் கயிற்றை இழுத்தான். எஞ்சின் ஒரு தடவை இருமியது, பிறகு அதுவும் இல்லை. உள்ளங்கை கிழியும்வரை இழுத்தான். படகில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்த டிலுக்ஷி முனகுவதை நிறுத்தியிருந்தாள். யூட் எஞ்சின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, "அந்தோனியாரே, என்னப் பெத்த அப்பா" என்று அழுதான். அத்தனை ஆண்கள் நின்றோம், ஒருவருக்கும் கை கால் ஓடவில்லை.

அப்போதுதான் யூஜீனியா கேனோடு வந்தாள். கூட்டம் தானாக விலகியது. முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, படகில் ஏறி, கேனை யூட்டின் காலடியில் வைத்தாள்.

"அந்த டாங்கியக் கழட்டி எறி. காபரேட்டர்ல நிக்கிறதையும் வடிய விடு. பிறகு இத ஊத்து."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"பிறகு அழலாம் தம்பி. இப்ப கையப் போடு."

என் கடையில் இருந்த வேறு டாங்கியை ஓடிப்போய் எடுத்து வந்தேன். கேனைச் சரித்ததும் மூக்கில் ஏறிய அந்தப் புது மணத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முதல் இழுப்பில் பிடிக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. அடுத்த இழுப்பில் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. கூடி நின்றவர்கள் படகைத் தள்ளிவிட்டார்கள். யூஜீனியா கீழே இறங்கவில்லை. டிலுக்ஷியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நானும் தண்ணீர் இறைக்க ஏறினேன். அலை தூக்கித் தூக்கி அடித்தது. வழி முழுக்க அவள் ஒரு கையால் படகின் விளிம்பையும் மறு கையால் அந்தப் பெண்ணின் கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "நித்திரை கொள்ளாத பிள்ள, என்னோட கதைச்சிக்கொண்டிரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் இரண்டும் இல்லை என்று கற்பிட்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யூட் வராந்தாவில் அவள் காலில் விழப் போனான். அவள் அவனைப் பிடித்து வாங்குப் பலகையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போய்விட்டாள்.

நானும் பின்னாலேயே போனேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாவியும் பறிச்சி, கள்ளி எண்டும் பேர் வெச்ச ஊருக்கா நீ இவ்வளவு நாளும் எண்ணெய் மாத்தி மாத்தி வெச்ச?"

அவள் கோப்பைகளை எண்ணிக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கில்ல நானா. டிலுக்ஷி முழுகாம இருக்கிறா எண்டு கேள்விப்பட்டன். தீவில வேற பிள்ளத்தாச்சி ஆரு? அவளுக்குத்தான் வெச்சன்."