டிஸ்க்கின் உரிமையாளர்

வீட்டு பிளான் வரைவதுதான் அவள் பிழைப்பு. அடுத்தவர் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவள், தன் வீட்டில் ஃபேனின் வேகத்தைக் கூட்டவும் புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவனுக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வீட்டின் சட்டம் அது.

பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் ‘டக் டக்’ என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, எந்த நேரமும் செத்துப்போகலாம். வரைந்த பிளான் மொத்தமும் அதற்குள்தான். தன் சம்பாத்தியத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தாள். கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸுக்கு ஏற்ற மாதிரி அதை ஃபார்மேட் செய்ய வேண்டும்.

“நீ கைய வெச்சுக் கெடுத்துடாத. நான் பண்றேன்,” என்று அவன் பிடுங்கிக்கொண்டான்.

செய்தான். செய்த கையோடு தன் பழைய பாட்டுகளையும் போட்டோக்களையும் அதற்கு மாற்றிக்கொண்டான். அவள் தன் பிளான்களை அதில் ஏற்றப் போனால் ‘அனுமதி இல்லை’ என்றது திரை. உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர்.

“என்னங்க, இதுல என்னால எதையும் போட முடியல.”

“ஞாயித்துக்கிழமை பாக்கலாம். உன் பிளான் எங்க ஓடிடப் போகுது?”

ஞாயிறுகள் வந்து போயின. டக் டக் கூடிக்கொண்டே போனது. அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அவன் வேலைக்குப் போன ஒரு காலையில் அவளே உட்கார்ந்தாள். நிர்வாகி பாஸ்வேர்டுக்கு மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, அவன் பெயரை அடித்தாள், திறந்தது. எது உள் டிஸ்க், எது வெளி டிஸ்க் என்று கொள்ளளவை வைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள்.

உரிமையாளரை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அவள் அடித்தது, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும் ஃபார்மேட் கட்டளையை. ‘இதில் ஏற்கெனவே ஒரு ஃபைல் சிஸ்டம் இருக்கிறது, தொடரலாமா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர். அந்த வீட்டில் அவளிடம் சம்மதம் கேட்ட முதல் ஆள் அதுதான். சரி என்று அழுத்தினாள். முடிந்ததும் உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.

சாயங்காலம் அவன் தேடினான். தேடத் தேட முகம் வெளிறிப் போனது.

“என் காலேஜ் போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல.”

“காப்பி எடுத்து வெச்சிருக்கணும்,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுடைய கடைசி சில பிளான்கள் ஏறிக்கொண்டிருந்தன.

அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும் என்று பகலெல்லாம் பயந்திருந்தாள். பார்த்தாள். பாவமாக இல்லை.